மேலே மண், கீழே நார்: கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கு வெப்பத் தடுப்பு

இயற்கைப் பொருட்களால் வெப்பத் தடுப்பு என்று தேடினால் ஆட்டு ரோமம், சணல் கான்கிரீட், வைக்கோல் கட்டுச் சுவர் என்று நீளமாக ஒரு பட்டியல் வரும். எல்லாம் நல்ல பொருட்கள்தான். ஆனால் அவை குளிர் நாட்டுக்காரர்கள் வீட்டுச் சூட்டை வெளியே விடாமல் காப்பதற்காகக் கண்டுபிடித்தவை. அங்கே ஜன்னலை மூடிவிட்டு, நான்கு சுவருக்கும் உள்ளே கம்பளி போர்த்துகிறார்கள். நம் ஊரில் ஜன்னலைத் திறந்து வைத்துக் கடற்காற்றுக்குக் காத்திருக்கிறோம். வெளிக்காற்றும் உள்காற்றும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும் வீட்டில், நிழல் விழும் சுவருக்குக் கம்பளி போர்த்தி என்ன பயன்?

நமக்குச் சூடு இறங்கும் வழி தலைக்கு மேலே இருக்கிறது. புதுச்சேரி ஏறக்குறைய 12 பாகை வட அட்சத்தில் உள்ளது. ஏப்ரல் மூன்றாவது, நான்காவது வாரத்தை ஒட்டி ஒரு முறையும், ஆகஸ்ட் மூன்றாவது வாரத்தை ஒட்டி இன்னொரு முறையும் நண்பகல் சூரியன் சரியாக உச்சியில் நிற்கும். அந்த நேரத்தில் சுவர்மீது வெயில் வழுக்கிப் போகும். மொட்டை மாடிதான் முழுவதையும் வாங்கும். கறுத்துப்போன வெறும் கான்கிரீட் தளத்தின் மேற்பரப்பு மே மாதப் பகலில் 60 டிகிரியைத் தாண்டும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5 அங்குலக் கான்கிரீட் தளம், மேல்பரப்பு 60 டிகிரி, அறைக்குள் 32 டிகிரி. இந்த வித்தியாசம் நிலைத்து நின்றால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 110 வாட் வெப்பம் கீழே இறங்கும். 10க்கு 10 அறைக்கு அது 1,000 வாட்டுக்குக் கொஞ்சம் மேல். அயர்ன் பாக்ஸ் ஒன்றைச் சூடேற்றி உத்தரத்தில் தொங்கவிட்டது போல. நிஜத்தில் கான்கிரீட் அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு மாலையிலும் முன்னிரவிலும் மெதுவாகக் கக்கும். மாலையில் நல்ல காற்று வீசியும் ஃபேனுக்கு அடியில் அனலடிப்பது இதனால்தான்.

இதே தளத்துக்கு வெள்ளையடித்து மேற்பரப்புச் சூட்டை 45 டிகிரிக்கு இறக்கிவிட்டால் அந்த 1,000 வாட் பாதிக்கும் கீழே போய்விடும். ஒரு அங்குலத் தடுப்புப் பொருள்கூட இன்னும் வாங்கவில்லை. ஆகவே முதல் வேலை வெள்ளை. அதற்கடுத்து நிழல். தடுப்புப் பொருளுக்கு மூன்றாவது இடம்தான். கடைக்காரர் இந்த வரிசையைத் தலைகீழாகச் சொல்வார்.

வெள்ளையடிக்க விலையுயர்ந்த பூச்சு வேண்டும் என்றில்லை. 5 கிலோ சுண்ணாம்பை முதல் நாளே ஊறவைத்துத் துணியில் வடிகட்டி, அடிக்கிற நேரத்தில் 1 கிலோ வெள்ளை சிமெண்டும் தச்சு வேலைக்கான வெள்ளைப் பசை கால் லிட்டரும் கலந்து, பால் பதத்துக்குத் தண்ணீர் விட்டால் போதும். வெள்ளை சிமெண்ட் சேர்த்த பிறகு ஒரு மணி நேரத்துக்குள் தீருகிற அளவுக்கு மட்டும் கலக்க வேண்டும்; மிஞ்சினால் வாளியிலேயே இறுகும். தளத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவி, ஈரம் காயும் முன் முதல் கை. அது காய்ந்தபின் குறுக்கே இரண்டாம் கை. காய்ந்த சூடான தளத்தில் அடித்தால் சுண்ணாம்பு நீரை இழந்து பொடியாக உதிரும். காலில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயும் வரும். அடிக்க ஏற்ற காலம் பிப்ரவரி, மார்ச். வடகிழக்கு மழை முடிந்ததும் தளத்தில் பாசி படர்ந்து கறுத்திருக்கும், அதற்குமேல் வெள்ளை நிற்காது. ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலை இது. 'கூல் டைல்ஸ்' என்று விற்கிற வெள்ளை ஓடும் இதே காரியத்தைத்தான் செய்கிறது. அதில் ஓடு கெடுவதில்லை, இணைப்புதான் கெடும். சந்தில் வெறும் சிமெண்ட் பாலை ஊற்றிவிட்டுப் போனால் இரண்டு கோடையில் மயிரிழை விரிசல் விழுந்து, நீர் ஓட்டுக்கு அடியில் போய்த் தங்கும்.

நிழலுக்குப் புதுச்சேரியிலேயே ஒரு பாடம் நிற்கிறது. 1930களின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கிய அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிக்குக் கட்டடக் கலைஞர் ஆன்டனின் ரேமண்ட் இரட்டைக் கூரை போட்டார். கான்கிரீட் தளத்துக்கு மேல் வளைந்த வார்ப்பு ஓடுகள், இரண்டுக்கும் நடுவே காற்று ஓட இடைவெளி. மேல் ஓடு வெயிலை வாங்கிக்கொள்கிறது, அதன் சூட்டைக் காற்று தள்ளிக்கொண்டு போகிறது, கீழ்த்தளம் நிழலில் இருக்கிறது. இன்று மாடியில் சூரிய மின்தகடு வைக்கிறவர்களுக்கு இந்த நிழல் இலவசமாகக் கிடைக்கிறது. தகட்டின் தாழ்ந்த விளிம்புக்கும் தளத்துக்கும் இடையே ஒரு அடியாவது இருந்தால்தான் காற்று ஓடும்.

இனி தடுப்புப் பொருள். கடலூர், புதுச்சேரிக் கரையில் ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் முக்கால்வாசித் தவறு வராது: தளத்துக்கு மேலே சுட்ட மண்ணும் சுண்ணாம்பும், தளத்துக்குக் கீழே நாரும் உமியும்.

காரணம் மழை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட ஊரில் தளத்துக்கும் மேலோட்டுக்கும் நடுவே தென்னை நார்ப் பலகையை வைத்து மூடினால், ஏதோ ஒரு இணைப்பு வழியே தண்ணீர் இறங்கத்தான் செய்யும். இறங்கிய நீருக்கு வெளியேற வழி கிடையாது. நார் காற்றைப் பிடித்து வைத்திருப்பதால்தான் தடுப்பு. காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்தால் அது தடுப்பாக இருக்காது, ஈரத் துணியாகிவிடும். ஒரு பருவம் முழுக்க ஈரத்திலேயே கிடந்தால் மக்கும், உப்பும் சேர்ந்து கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியையும் துருப்பிடிக்க வைக்கும். சுட்ட மண்ணுக்கு அந்தக் கவலை இல்லை. நனையும், வெயில் வந்தால் காயும்.

மேலே போடுவதில் நம் ஊருக்கு நன்றாகத் தெரிந்தது செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளம். தமிழ்நாடு பொதுப்பணித் துறைக் கட்டடங்களில் காலங்காலமாக உள்ள அளவு, கன அளவில் 32 பங்கு ஜல்லிக்குப் பன்னிரண்டரைப் பங்கு சுண்ணாம்பு, மணல் கிடையாது. ஜல்லி 20 மி.மீ. அளவில் உடைத்த நன்றாக வெந்த செங்கல். 3 அங்குல கெட்டித் தளம் வேண்டுமென்றால் 4 அங்குலத்துக்குப் பரப்ப வேண்டும், தட்டத் தட்ட இறங்கும். 100 சதுர அடிக்கு 4 அங்குலம் என்பது ஏறக்குறைய 33 கன அடி. அதாவது 32 கன அடி ஜல்லி, பன்னிரண்டரை கன அடி நீற்றிய சுண்ணாம்பு என்று கணக்கு வைத்தால் சரியாக வரும். சுண்ணாம்பு ஜல்லியின் சந்துகளுக்குள் போய்விடும், தனியாக உயரம் கூட்டாது.

"யாரு சார் இப்பல்லாம் சுண்ணாம்பு தட்டுறாங்க? சிமெண்ட் கலந்து இழுத்து விட்டுடலாம் சார், ரெண்டே நாள்ல முடிஞ்சிடும்" என்று மேஸ்திரி சொல்லுவார். தட்டுகிற ஆட்கள் குறைந்துவிட்டார்கள் என்பது உண்மை, அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சிமெண்ட் கலந்தால் இரண்டு கெடுதல். தளம் பகலில் விரிந்து இரவில் சுருங்கும்போது சுண்ணாம்பு கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், விழுந்த மெல்லிய விரிசலையும் மழைநீரில் கரைந்து தானே அடைத்துக்கொள்ளும். சிமெண்ட் விறைப்பாக நின்று வெடிக்கும். அடுத்து, சிமெண்ட் கலவை அடர்த்தியாகி வெப்பத்தைக் கூடுதலாகக் கடத்தும்.

செய்முறையில் விட்டுவிடக் கூடாதவை இவை. முதலில் தளம் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். வடிகுழாயை அடைத்து 2 அங்குலம் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் வைக்கலாம். கீழே ஓதம் தெரிந்தால் முதலில் அந்த விரிசலை வி வடிவில் வெட்டி அடைக்க வேண்டும். மேலே எதைப் போட்டாலும் ஒழுகலை அது மூடி மறைக்குமே தவிர நிறுத்தாது. பிறகு கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை முழுக்கச் சாய்வாகக் காரை உருட்டிவிட வேண்டும். நீர் புகுவது பெரும்பாலும் இந்த மூலையில்தான். வாட்டம் 80க்கு 1 இருக்கட்டும். பத்து அடி நீளத்துக்கு ஒன்றரை அங்குலம். அதைவிடக் குறைந்தால் டிசம்பரில் குளம் கட்டும்.

சுண்ணாம்பைக் குறைந்தது ஒரு வாரம் தொட்டியில் ஊற வைத்து நீற்ற வேண்டும். கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் நல்லது. சரியாக நீறாத கட்டி ஒன்று உள்ளே போனால், பின்னால் ஈரம் பட்டதும் அது நீறி விரிந்து, மேலே பதித்த ஓட்டையே தூக்கிவிடும். ஜல்லியை முதல் நாளே நனைத்து வைக்க வேண்டும்; காய்ந்த செங்கல் சுண்ணாம்பின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு கலவையைப் பொடியாக்கிவிடும். பரப்பிய தளத்தை ஒரே அடுக்காக மரக்கட்டையால் மூன்று நாள் விடாமல் தட்ட வேண்டும், சுண்ணாம்பு நீரைத் தெளித்துக்கொண்டே. பழைய கொத்தனார்கள் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளிப்பார்கள். கட்டை தளத்தில் பட்டதும் எகிறித் துள்ளினால் தட்டியது போதும். அதற்கு மேல் 20 மி.மீ. தட்டோடு, 1க்கு 3 சிமெண்ட் கலவையில் நீர்த்தடுப்புச் சேர்மானத்தோடு. இணைப்பை ஓட்டின் முழு ஆழத்துக்கும் நிரப்ப வேண்டும். இந்த வேலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை தோதான காலம். அக்னி நட்சத்திரத்தில் செய்தால் சுண்ணாம்பு இறுகும் முன் காய்ந்துவிடும், ஐப்பசியில் செய்தால் மழை கரைத்துக்கொண்டு போகும்.

இவ்வளவு பாடுபட்டுச் செய்தாலும், ஜல்லித் தளம் ஒரு சுமாரான வெப்பத் தடுப்புதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கான்கிரீட்டின் வெப்பக் கடத்தல் எண் 1.58. சுண்ணாம்பு ஜல்லிக்குச் சுமார் 0.73. தென்னை நார்ப் பலகைக்கு 0.04ஐ ஒட்டி. உமிக்கு 0.05. எண் சிறியதாக இருக்க இருக்கத் தடுப்பு அதிகம். வெறும் 5 அங்குலத் தளத்தின் யூ மதிப்பு, அதாவது ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டர் வழியே இறங்கும் வாட், ஏறக்குறைய 3.5. மேலே 3 அங்குல ஜல்லியும் ஓடும் போட்டால் 2.4. குடியிருப்புகளுக்கான மத்திய அரசின் ஆற்றல் சிக்கன விதித்தொகுப்பான எக்கோ நிவாஸ் சம்ஹிதா 2018, கூரைக்கு இந்த யூ மதிப்பு 1.2க்கு மேல் போகக் கூடாது என்றது. 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கானது அந்த விதி. சின்ன வீட்டுக்கும் அதை இலக்காக வைத்துக்கொள்வதில் நஷ்டமில்லை. ஜல்லித் தளம் மட்டும் அந்த எண்ணைத் தொடாது.

மேலேயே இன்னும் கொஞ்சம் தடுப்பு வேண்டுமானால் சட்டி. அகன்ற சிறிய மண்சட்டிகளைக் கவிழ்த்து ஒன்றையொன்று தொட அடுக்கி, இடுக்கை ஜல்லிச் சுண்ணாம்பால் நிரப்பி, மேலே ஒரு அங்குலம் மூடி ஓடு பதிப்பது. 20 செ.மீ. விட்டம், 10 செ.மீ. உயரம் உள்ள சட்டி என்றால் சதுர மீட்டருக்கு 25, 100 சதுர அடிக்கு 232. உடைசலுக்கும் சேர்த்து 250 வாங்கலாம். வில்லியனூர்ப் பக்கம் சுடுமண் வேலைக்குப் பேர் பெற்றது. அடுப்பில் வைக்கத் தகுதியில்லை என்று ஒதுக்கிய சட்டியே இதற்குப் போதும், மயிரிழைக் கீறல் பரவாயில்லை. விளிம்பு உடைந்தது மட்டும் வேண்டாம், கலவை உள்ளே போய் நிரம்பிவிடும். பாரம் தோராயமாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ வரும், ஓட்டோடு சேர்த்த 3 அங்குல ஜல்லித் தளத்தை ஒட்டிய எடைதான். சட்டி உயரத்தை 15 செ.மீ. ஆக்கினால் பாரம் கூடும், பொறியாளரைக் கேட்காமல் கூட்டக் கூடாது. பலனையும் மிகைப்படுத்த வேண்டாம். அடைபட்ட காற்று நல்ல தடுப்பு, ஆனால் சட்டிகளுக்கு இடையே உள்ள ஜல்லித் தூண்கள் வழியே சூடு இறங்கிக்கொண்டிருக்கும். தளத்துக்கு உள்ளேயே ஓட்டையோ சட்டியையோ வைத்து வார்க்கும் ஃபில்லர் ஸ்லாப்பும் இப்படித்தான். அது கான்கிரீட்டை மிச்சப்படுத்துவதற்காகச் செய்ய வேண்டியது, வெப்பத்துக்காக மட்டும் செய்தால் ஏமாற்றம்தான்.

1.2க்குக் கீழே இறக்குவது தளத்துக்கு அடியில் வருகிற நார்.

தென்னை நாரைப் பலகையாக அழுத்தியும், ஊசியால் குத்திய கம்பளம் போலவும் விற்கிறார்கள். 25 மி.மீ. போதும். தளத்துக்கும் அதற்கும் 4 அங்குல இடைவெளி விட்டுத் தொங்கவிட்டால் யூ மதிப்பு 0.9க்கு வரும், மேலே ஜல்லித் தளமும் இருந்தால் 0.8. முதலில் சொன்ன 1,000 வாட் கணக்கு இப்போது 220 வாட் பக்கம் நிற்கிறது. அதற்குமேல் 50 மி.மீ., 75 மி.மீ. என்று போவது ஏசி இல்லாத வீட்டில் காசுக்குக் கேடு. மிச்சமிருக்கிற சூடு ஜன்னல் வழியாக வருவது.

நாரை அப்படியே மாட்டக் கூடாது. கரையானுக்கும் பூச்சிக்கும் போரிக் அமிலம், வெண்காரம் இரண்டும் 2க்கு 3 என்ற விகிதத்தில் கலந்த 5 சதவீதக் கரைசல் நல்லது: 100 லிட்டர் தண்ணீருக்கு 2 கிலோ போரிக் அமிலம், 3 கிலோ வெண்காரம். வெந்நீரில் கரைத்தால்தான் கரையும். பலகையை முழுக்க நனைத்து நிழலில் நன்றாகக் காய வைத்து மாட்ட வேண்டும். தீப்பிடிப்பதையும் இது மட்டுப்படுத்தும். மழை பட்டால் கரைந்து வெளியேறிவிடும் என்பதால் வீட்டுக்குள் மட்டும். கையுறை போட்டுக்கொண்டு செய்ய வேண்டும், குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. சட்டத்துக்குச் சவுக்குக் கழி மலிவாகக் கிடைக்கும், ஆனால் வண்டு துளைத்து மாவாக்கிவிடும். அதையும் இதே கரைசலில் ஊறப் போடலாம், அல்லது துத்தநாகப் பூச்சிட்ட இரும்புச் சட்டம் போடலாம். ஆணியும் திருகும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். கடற்கரையில் இருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் வரை உப்புக் காற்று சாதாரண ஆணியைச் சில ஆண்டுகளில் தின்றுவிடும், பிறகு பலகை தலையில் விழும்.

பலகையின் விளிம்பைச் சுவரில் ஒட்ட வைக்காமல் அரை அங்குலம் விட்டு, அந்த இடைவெளியைக் கம்பி வலையால் மூடலாம். சுவர் வழியே ஏறும் கரையான் பாதை கண்ணுக்குத் தெரியும், எலியும் உள்ளே போகாது. அறையின் உயரத்தையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். குடியிருக்கும் அறைக்கு 2.75 மீட்டர் உயரம் வேண்டும், ஏசி அறைக்கு 2.4 மீட்டர். 9 அடிதான் உயரம் என்றால் அங்கே இடைவெளி விட்டுத் தொங்கவிட வழியே இல்லை. அந்த வீட்டில் வெள்ளை, நிழல், சட்டி என்று மேலேயே முடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஃபேன் கொக்கி பொய்க்கூரையில் மாட்டுவதில்லை, தளத்திலிருந்தே நீண்ட கம்பி வர வேண்டும்.

உமி இன்னும் மலிவு. சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கத்து அரிசி ஆலைகளில் மலையாகக் குவிந்து கிடப்பது. உமியில் சிலிக்கா அதிகம் இருப்பதால் வைக்கோல் போலச் சீக்கிரம் மக்காது. பொய்க்கூரையின் மேல் 3 அங்குலம் பரப்பினால் 100 சதுர அடிக்கு 80 முதல் 85 கிலோ வரும், சட்டம் அதைத் தாங்க வேண்டும். ஆலையிலிருந்து வருவதை அப்படியே கொட்டினால் அதில் இருக்கும் நொய்க்கும் தவிட்டுக்கும் எலி குடியேறும். சலித்து, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, எடையில் இருபதில் ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்புத் தூளைப் புரட்டிப் பரப்பலாம். சுண்ணாம்பின் காரம் பூஞ்சையை அண்டவிடாது. உமி கொழுந்துவிட்டு எரியாது, ஆனால் பிடித்தால் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். அதனால் மின்கம்பி எல்லாம் குழாய்க்குள் போக வேண்டும், கூரையில் புதைக்கும் விளக்கு கூடவே கூடாது. உமிக்கும் தளத்துக்கும் நடுவே காற்றுக்கு இடம் விட வேண்டும், எதிரெதிர் சுவர்களில் வலையடித்த துளைகளும் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேலேயே நிற்கும்போது மூடிய இடத்தில் எந்த நாரிலும் பூஞ்சை பூக்கும்.

ஏசி அறையில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. குளிர்நாட்டுப் புத்தகம் ஆவித்தடுப்புத் தாளைத் தடுப்புப் பொருளின் உட்புறம் ஒட்டச் சொல்லும். அங்கே ஈரம் வீட்டுக்குள்ளிருந்து வெளியே போகிறது. இங்கே வெளிக்காற்றில் அத்தனை ஈரம். மே, ஜூனில் 25, 26 டிகிரியிலேயே நீர் படியத் தொடங்கும். உள்ளே 23 டிகிரியில் ஏசி ஓடுகிறது, உட்புறம் முழுக்க பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கிறது என்றால், வெளியிலிருந்து வந்த ஆவி அந்தத் தாளின் பின்புறம் நீராக நிற்கும். இரண்டு ஆண்டில் நார் கறுத்துவிடும், அறையில் முடை நாற்றம். ஆகவே நம் ஊரில் ஆவித்தடுப்பு வெளிப்புறம், அதாவது மேல்தளத்தின் நீர்த்தடுப்பே அந்த வேலையைச் செய்யும். உட்புறம் சுண்ணாம்புப் பூச்சோ சுண்ணாம்பு வண்ணமோ இருக்கட்டும். ஆயில் பெயிண்டும் பளபளப்பு எமல்ஷனும் வேண்டாம்.

ஷீட் போட்ட வீட்டுக்கு வேறு கணக்கு. தகரத்துக்குப் பாரமும் கிடையாது, தாமதமும் கிடையாது. வெயில் பட்ட நிமிடமே சுடும், இரவில் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துவிடும். மார்கழிப் பனியில் தகரத்தின் அடியில் நீர் முத்து முத்தாகக் கோத்துச் சொட்டும். நார்ப் பலகையைத் தகரத்தில் ஒட்டி வைத்தால் அந்த நீர் முழுவதும் அதற்குத்தான் போகும். 4 அங்குலம் கீழே இறக்கி, முகட்டில் காற்றுப் போக்கி வைக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் அதில் துளை போடவோ அறுக்கவோ கூடாது, தூசு நுரையீரலுக்கு நஞ்சு. சட்டத்தைச் சுவரிலிருந்தோ கைமரத்திலிருந்தோ மாட்டலாம்.

ஷீட்டின் மேல் கீற்றோ கரும்புச் சோகையோ வேய்வது கடலூர் மாவட்டத்துக்குப் பழக்கமான வேலை. உண்மையில் இத்தனையிலும் மலிவான நல்ல தடுப்பு அதுதான், நிழலும் அதுவே. கீற்றை ஒன்றிரண்டு ஆண்டில் மாற்ற வேண்டும். விழல் புல் கூடுதலாகத் தாங்கும், ஆனால் நெருக்கமாக வேயத் தெரிந்த ஆள் வேண்டும். தீக்கும் காற்றுக்கும் மட்டும் பயப்பட வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது கூரையும் ஷீட்டும் எப்படிப் பறந்தன என்று இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மொட்டை மாடிக் கொட்டகையின் கால்களைக் கைப்பிடிச் சுவரில் கட்டினால் போதாது. கைப்பிடிச் சுவரே சேர்ந்து விழும். தளத்துத் தூண் கம்பியோடு பிணைத்த கான்கிரீட் பீடத்தில் நட்டு இறுக்க வேண்டும்.

சுவரைப் பற்றிச் சுருக்கமாக. மேற்குச் சுவருக்கு மட்டும் செலவு செய்தால் போதும். ஜூன் மாத மேல்காற்று கடற்காற்றைத் தள்ளி நிறுத்தும் பிற்பகல்களில் அந்தச் சுவர் கொதிக்கும். அங்கே எலிப்பொறிக் கட்டு, அதாவது செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவே காற்றறை விடும் கட்டு போட்டால் செங்கல்லிலும் கால் பங்கு மிச்சம். அல்லது ஏஏசி பிளாக், அதாவது காற்றுக் குமிழ்கள் நிறைந்த இலேசான கான்கிரீட் கட்டி. வடக்குச் சுவரை நிழல் சுவர் என்று நினைத்து மறந்துவிடுகிறார்கள். மே முதல் ஜூலை வரை சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கிறது, அந்த ஜன்னல்களுக்கும் சன்ஷேடு வேண்டும்.

ஆரோவில் பக்கம் பரவலாகக் கிடைக்கும் அழுத்திய மண்கட்டியைப் பலர் வெப்பத் தடுப்பு என்று நினைத்து வாங்குகிறார்கள். சுடாமல், விறகு எரிக்காமல், சுமார் 5 சதவீதச் சிமெண்டில் செய்கிற கட்டி. சூழலுக்கு நல்லது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அது சூட்டைத் தடுக்காது, தாமதப்படுத்தும். பகலுக்கும் இரவுக்கும் 15 டிகிரி வித்தியாசம் உள்ள உள்நாட்டு ஊர்களில் அந்தத் தாமதம் வரம். மே மாத இரவிலும் 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்காத கடற்கரையில் பகலில் வாங்கிய சூட்டைச் சுவர் படுக்கும் நேரத்தில் திருப்பித் தரும். மேற்குச் சுவருக்கு மண்கட்டி வைத்தால் அதற்கு வெளியே ஒரு கொடிப் பந்தலோ தட்டியோ நிழலுக்கு இருக்கட்டும்.

பணம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும் என்றால், முதல் ஆண்டு பிப்ரவரியில் ஒழுகலை அடைத்து வெள்ளையடியுங்கள். அந்தக் கோடையில் இரவு 9 மணிக்கு எந்த அறையின் உத்தரம் கையை வைத்தால் இன்னும் சுடுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டு, அடுத்த ஆண்டு அந்த அறைக்கு மட்டும் நார்ப் பலகை மாட்டலாம். பெரும்பாலும் அது மேற்குப் பக்கத்துப் படுக்கையறையாக இருக்கும். மாட்டிய முதல் மழைக்காலம் முடிந்ததும், தை மாதத்தில் ஒரு பலகையைக் கழற்றி அதன் மேல்பக்கத்தைப் பாருங்கள். கறுப்புப் புள்ளி தெரிந்தால் காற்றுத்துளை போதவில்லை, ஈர வளையம் தெரிந்தால் மேலே தளம் ஒழுகுகிறது.